வெள்ளை மண்ணும் இரண்டு காற்றுகளும்

ஸ்பெயின் தேசத்தின் தென்கோடியில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்குச் சமீபத்தில் ஹெரெஸ் என்னும் நகரம் இருக்கிறது. ‘ஷெர்ரி’ என்று ஆங்கிலேயர் பெயரிட்டு வழங்கும் திராட்சை மதுவுக்கு அதுவே பிறப்பிடம். மதுவின் புகழ் பாடுவது நமது நோக்கமன்று. நமக்கு வியப்பளிப்பது அந்தப் பூமிதான்.

அங்கே வருஷத்துக்குச் சுமார் 24 அங்குலம் மழை பெய்கிறது. அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தை ஒட்டியே பெய்து தீர்ந்துவிடும். கோடையில் மழையே அபூர்வம். திராட்சை காய்த்துப் பழுப்பதோ அந்தக் கோடையில்தான்! கொடிகள் எப்படிப் பிழைக்கின்றன?

குன்றுகளின் மண் சுண்ணாம்பைப் போல் வெள்ளை வெளேரென்றிருக்கிறது. ‘அல்பரீசா’ என்பது அதன் பெயர். ஆதியில் கடலடியில் படிந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் அதில் கலந்திருக்கின்றன. மழைக்காலத்தில் அது பஞ்சு போல் நீரை உறிஞ்சிக் கொள்கிறது. வெயில் ஏறியதும் மேற்புறம் இறுகி, உள்ளேயுள்ள ஈரம் ஆவியாகிப் போகாதபடி மூடிக்கொள்கிறது. வேர்கள் வெகு ஆழம் இறங்கி அந்தச் சேமிப்பை உண்டு கோடையைக் கடத்துகின்றன. குடியானவர்களும் மண்ணை நம்பிச் சும்மா இருப்பதில்லை. அறுவடை முடிந்ததும் கொடி வரிசைகளுக்கிடையே நீள்சதுரக் குழிகள் வெட்டி, சரிவில் ஓடும் மழைநீரைத் தடுத்து நிறுத்துகிறார்கள். பிறகு வசந்தத்தில் அவற்றை மூடிச் சமப்படுத்த வேண்டும். வருஷந்தோறும் இதே பாடு.

இனி, காற்று. கிழக்கேயிருந்து வருவது ‘லெவாந்தே’. அனலாய் அடித்துப் பழத்தை உலர்த்தும். மேற்கே சமுத்திரத்திலிருந்து வருவது ‘பொனியெந்தே’; ஈரமும் குளிர்ச்சியும் உடையது. பீப்பாயை முழுதும் நிரப்பாமல் வைத்தால், பாலின்மேல் ஆடை படிவது போல் மதுவின்மேல் ஒரு வெள்ளை ஆடை படர்கிறது. இதற்கு ‘ப்ளோர்’, அதாவது பூ, என்று பெயர். மதுவைக் காற்றுப் படாமல் காத்து, அதற்குத் தனிச்சுவை தருவது இந்தப் பூவே. வெப்பமும் வறட்சியும் மிஞ்சினால் அது வாடிவிடும். ஆகவே மேல்காற்றை ஏற்கும்படி, கோயில் மண்டபம் போல் உயரமாகக் கிடங்குகளைக் கட்டி, கோடையில் மண் தரைக்கு நீர் தெளிக்கிறார்கள். கடலோரச் சான்லூகாரில் ஈரம் அதிகம். அங்கே இந்த ஆடை வருஷம் முழுவதும் தடித்து நிற்கிறது.

மண்ணையும் காற்றையும் பெயர்த்தெடுத்துச் செல்ல முடியாது. பெயரை எடுத்துச் செல்லலாமல்லவா? அராபியர் ஆட்சியில் ‘ஷெரிஷ்’ என்று வழங்கிய ஊர்ப் பெயரே ஆங்கிலேயர் நாவில் ‘ஷெர்ரி’ ஆயிற்று. இறக்குமதி செய்த திராட்சைச் சாற்றை அவர்கள் தங்கள் நாட்டிலேயே புளிக்கவைத்து, ‘பிரிட்டிஷ் ஷெர்ரி’ என்று நெடுங்காலம் விற்று வந்தார்கள்! ஹெரெஸ்காரர்கள் பெயரைக் காக்க 1935-ல் ஒரு சபை கண்டார்கள். 1967-ல் லண்டன் நீதிமன்றம், வெறும் ‘ஷெர்ரி’ என்றால் ஹெரெஸ் சரக்கே என்று தீர்ப்பளித்தது. ஆயினும் ‘பிரிட்டிஷ்’ என்ற அடைமொழியோடு விற்பதைத் தடுக்கவில்லை. அந்த வியாபாரம் நிற்பதற்கு 1996 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.