பஸ் ஆசனமும் பிரஜா தர்மமும்

ஒரு தேசத்தின் ஜனங்கள் சுயாட்சியில் எவ்வளவு பழகியிருக்கிறார்கள் என்பதைச் சட்டசபையில் மட்டும் பார்த்தால் போதாது. மாலை ஆறு மணிக்கு நகர பஸ்ஸிலும் பார்க்கவேண்டும். அங்கே நீதிபதி இல்லை, போலீஸ்காரரும் இல்லை. ஐம்பது அறுபது பேர் தங்களுக்குள் தாங்களே நியாயம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பஸ்ஸில் ஓர் இடம் என்பது அற்ப விஷயம் என்போர் சரித்திரத்தைப் பார்க்கட்டும். பழைய சென்னை மாகாணத்தில் ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்த பஸ் முதலாளிகள் இருந்தார்கள். 1930-ஐ ஒட்டிய காலத்தில் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன், அவ்விதம் மறுப்போரின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். அமெரிக்காவில் மாண்ட்கமரி நகரிலே, 1955 டிசம்பர் 1-ஆம் தேதி, ரோஸா பார்க்ஸ் என்ற கறுப்பின மாது வெள்ளையருக்காகத் தம் ஆசனத்தை விட்டெழ மறுத்துக் கைதியானார். அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்களைப் பகிஷ்கரித்தார்கள். பஸ்ஸில் இனப்பாகுபாடு செல்லாதென்ற தீர்ப்பை 1956-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அமரும் உரிமை இவ்வாறு போராடிப் பெறப்பட்டது. அவ்வுரிமை உள்ளவனே மனமுவந்து பிறருக்கு இடம் கொடுக்கவும் கூடும். அதிகாரத்துக்கு அஞ்சி எழுவது அடிமைத்தனம். தள்ளாதவரைக் கண்டு தானே எழுவது பிரஜா தர்மம். இவ்விரண்டையும் குழப்பலாகாது.

இன்று சென்னை பஸ்களில் நாம் காண்பதென்ன? கைக்குழந்தையுடன் ஒரு தாய் ஏறியதும், ஜன்னலோரத்தில் இருப்பவருக்குத் திடீரென்று நித்திரை வருகிறது. இருவர் ஆசனத்தில் ஒருவரும் அவரது பையும் வீற்றிருக்கிறார்கள். உள்ளே இடமிருந்தும் வாலிபர்கள் படியில் தொங்குகிறார்கள். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

இவற்றினும் கொடியது ஒரு சொல். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்கள் காசின்றிச் செல்லத் தமிழ்நாட்டு சர்க்கார் வழிசெய்தது. அப்பெண்களை ‘ஓசி’ என்று ஏளனம் செய்வோர் உண்டு. செலவை ஏற்பது பொதுப் பொக்கிஷம். சோப்பு வாங்கும்போதெல்லாம் அதற்கு வரி கொடுப்பவர்களில் அப்பெண்களும் உண்டு என்பதை ஏளனக்காரர் அறியார் போலும்!

“நாள் முழுதும் நின்று உழைத்தவன், காசு கொடுத்து அமர்ந்தவன், ஏன் எழவேண்டும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. களைத்தவனை எவரும் வற்புறுத்த வேண்டாம். ஆனால் களைக்காதவர் பலர் அதே பஸ்ஸில் இருக்கிறார்கள். அவர்கள் முந்திக்கொண்டால் களைத்தவனுக்கு இந்தத் தர்மசங்கடமே நேராது.

சர்க்காருக்கும் கடமை உண்டு. உயர்ந்த படிகளும், முழங்கால் இடிக்கும் ஆசனங்களும், போதாத வண்டிகளும் சாதுவையும் சண்டைக்காரனாக்கும். 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தள பஸ்கள் ஓடத் தொடங்கின. சக்கர நாற்காலியும் அவற்றில் ஏறும். இத்தகைய சௌகரியம் எல்லா வழித்தடங்களுக்கும் பரவவேண்டும். ஆயினும் வண்டிகள் வரும்வரை மரியாதை காத்திருக்க வேண்டியதில்லை.

மேடையில் சமத்துவம் பேசும் தொண்டர்கள் பலர் வீடு திரும்புவதும் அதே பஸ்ஸில்தான். அவர்கள் முதலில் எழுந்து வழிகாட்டுவார்களாக.