உஷார்! புல்தானே என்று கிட்டே போகாதீர்கள்

சாம்பியா, மலாவி பக்கத்து மிஷன் பண்ணைகளில் இருக்கும் நம்மூர் சிஸ்டர்கள், ஃபாதர்கள், அவர்களோடு ஒரு வருஷம் தொண்டு செய்யலாம் என்று கிளம்பும் இளைஞர்கள் எல்லோரும் இதை உடனே படித்துவிடுங்கள். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அங்கே ஆபத்துக் காலம். ஏப்ரலோடு மழை ஓய்ந்துவிடும். அடுத்த மழை நவம்பரில்தான். மழைக்காலத்தில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கூரைப்புல், இந்த இடைவெளியில் வேரைத் தவிர மற்றதெல்லாம் காய்ந்து சருகாக நிற்கும். காற்றும் சரியாக அப்போதுதான் கிளம்பும்.

நெருப்புக்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. வயல் எலி பிடிக்க ஊர்க்காரர்கள் புல்லைக் கொளுத்துவார்கள். தேன் எடுக்கப் புகை போடுவார்கள். கரி மூட்டத்திலிருந்து பொறி பறக்கும். மாட்டுக்குப் புதுப்புல் துளிர்க்கட்டும் என்றும் பற்றவைப்பார்கள். இவர்களைத் திட்டிப் புண்ணியமில்லை. தீயை வைத்து நிலத்தைப் பேணுவது அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் வேலை. எந்த மாதத்தில் கொளுத்தலாம், எந்த மாதத்தில் கூடாது என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆபத்து நம்மிடம்தான். கொல்லையில் குப்பை கொளுத்திப் பழகிய கை நமக்கு. புல்லில் பிடித்த தீ முழங்கால் உயரத்தில் சடசடவென்று வருவதைப் பார்த்ததும், ஒரு வாளி தண்ணீரோடு நேரே அதன் முன்னால் போய் நின்றுவிடுவோம். அங்கேதான் உயிர் போகிறது. பலத்த காற்றில் திறந்தவெளிப் புல்தீ மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டியும் ஓடும். இடுப்பளவு புல்லுக்குள் உங்களால் அந்த வேகத்தில் ஓட முடியாது. மேட்டுச் சரிவாக இருந்தால் கேட்கவே வேண்டாம். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோமே, அதுவும் காய்ந்த புல் மண்டிய சரிவுதான்.

அப்படியானால் எங்கே நிற்பது? எரிந்து முடிந்த கரும்பரப்பில். இந்த ஒன்றை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். தீக்கும் உங்களுக்கும் நடுவே எரியாத புல் இருக்கவே கூடாது. தீயின் வாலில், அதாவது அது கிளம்பிய பின்பக்கத்தில் தொடங்கி, கருகிய தரையில் கால் வைத்தபடியே, பக்கவாட்டில் அடித்து அணைத்துக்கொண்டு முன்னேற வேண்டும். காற்றோடு முன்னே ஓடும் தலைப்பகுதியைக் கடைசியில், அதுவும் ஒரு சாலையிலோ உழுத நிலத்திலோ முட்டி அது வலுவிழந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். காற்று திசை மாறினால் இதுவரை பக்கமாக இருந்தது நொடியில் தலையாகிவிடும். அதனால் குழுவில் ஒருவர் மட்டும் தீயை அடிக்காமல் இருக்க வேண்டும். எட்ட நின்று காற்றையும் ஆட்களையும் பார்த்துக் குரல் கொடுப்பது மட்டுமே அவர் வேலை.

கரும்பரப்பின் அருமைக்கு அமெரிக்காவின் மொன்டானாவில் 1949 ஆகஸ்ட் 5 அன்று நடந்ததே போதும். மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில், பாராசூட்டில் குதித்துத் தீயணைக்கப் பயிற்சி பெற்றவர்களைப் புல்தீ சரிவில் துரத்தியது. தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓடுவதை நிறுத்தினார். தன் முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, அது எரிந்து போன சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டார். மற்றவர்களையும் வரச் சொல்லிக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. அந்தக் கணத்தில் அது பைத்தியக்காரத்தனமாகத்தானே தெரிந்திருக்கும்! அவர் பிழைத்தார், 13 பேர் இறந்தார்கள். இதைப் படித்துவிட்டு நீங்கள் தீப்பெட்டியை எடுக்காதீர்கள். வரும் தீக்கு எதிரே நாமே தீ வைப்பது ஊர்ப் பெரியவர்களும் பண்ணையில் பழுத்த ஆட்களும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

சிஸ்டர்களுக்குத் தனியாக ஒன்று. பாலியெஸ்டர் புடவையோடும் அங்கியோடும் தீப்பக்கம் போகவே போகாதீர்கள். அந்தத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ரப்பர் செருப்பும் அப்படியே. முழுக்கைப் பருத்திச் சட்டை, கனமான பேன்ட், தோல் பூட்ஸ் இவற்றை இப்போதே ஒரு அலமாரியில் எடுத்து வையுங்கள். ஒழுங்கு, மரபு எல்லாம் அன்றைக்குக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கட்டும். முகத்தில் கட்டும் துணியும் உலர்ந்த பருத்தியாகவே இருக்கட்டும். நனைத்துக் கட்டினால் அனலில் ஆவியாகிச் சுட்டுவிடும்.

அடிப்பதற்குப் பச்சை மரக்கிளை, நனைத்த கோணி, கம்பில் அறைந்த பழைய ரப்பர் பட்டை எதுவும் ஆகும். ஓங்கி விசிறாதீர்கள், பொறி பறந்து பின்னால் விழும். தரையோடு அழுத்தி, எரிந்த பக்கமாக இழுங்கள். மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பானைக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்தால் அருமையான கருவி. ஆழ்துளைக் கிணறு இருக்கிறதே என்று மெத்தனமாக இருந்துவிடாதீர்கள். மின்கம்பம் எரிந்தால் மோட்டார் நின்றுவிடும். தரையில் கிடக்கும் கறுப்புக் குழாய் உருகிவிடும். மேல்தொட்டி எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளைத் தீயணைக்க ஒருபோதும் இறக்காதீர்கள். விடுதிப் பையன்கள் கிளையை ஒடித்துக்கொண்டு உற்சாகமாக ஓடி வருவார்கள். புகைக்குள் யார் எங்கே என்று உங்களுக்குத் தெரியாது. அவர்களை வெறும் மண் தரையுள்ள விளையாட்டுத் திடலில் உட்காரவைத்துத் தலை எண்ணுங்கள். மாடுகளை அவிழ்த்து, வேலியைத் திறந்துவிடுங்கள்.

உண்மையில் இந்தச் சண்டை மே, ஜூனிலேயே முடிந்திருக்க வேண்டும். புல் பாதிப் பச்சையாக இருக்கும்போது, எல்லையைச் சுற்றி இரண்டு கோடு உழுது, அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதைக் குளிர்ந்த காலை நேரத்தில் எரித்துவிடுவார்கள். 1930களில் சாம்பியாவின் ண்டோலா அருகே தொடங்கிய நீண்டகாலச் சோதனைகளும் இதையே காட்டின: ஆரம்பத்தில் வைத்த தீயை மரங்கள் தாங்கின, கோடை முற்றி வைத்த தீ காட்டையே அழித்தது. உங்கள் பண்ணையில் இந்த வருஷம் விட்டுப்போயிருந்தால், ஐயோ விட்டுவிட்டோமே என்று ஆகஸ்டில் தீ வைத்துவிடாதீர்கள்! புல்லை அறுத்து அப்புறப்படுத்தி, மண் தெரிய உழுதுவிடுங்கள். கூரை வேய்ந்த சமையலறை, மக்காச்சோளக் களஞ்சியம், டீசல் பீப்பாய் இவற்றைச் சுற்றி முதலில்.

தீ அடங்கியதும் எல்லோரும் கஞ்சி குடிக்கப் போய்விடுவார்கள். போகட்டும், ஆனால் இரண்டு பேர் நிற்க வேண்டும். காய்ந்த சாணியும், பட்டுப்போன அடிமரமும் உள்ளுக்குள் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மறுநாள் மத்தியானக் காற்றில் மறுபடி பிடிக்கும். புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மண்வெட்டியால் கிளறித் தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளறுங்கள்.