செத்தவர் கதை, இருப்பவர் கேடு

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி அதிகாலை இறந்தார். வயது 59. இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் சொன்னார்கள். அதற்குள் ‘ஊசிதான் கொன்றது’ என்ற பேச்சு ஊர் ஊராகப் போய்விட்டது. ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு முடிவு சொன்னது அக்டோபரில்தான். அந்த ஆறு மாதத்தில் ஊசிக்குப் பயந்து ஒதுங்கியவர்கள் நம் பக்கத்திலும் உண்டு.

2025 செப்டம்பரில் நகைச்சுவை நடிகர் ரோபோ சங்கர் 46 வயதில் இறந்தபோது கேள்விகள் வேறு மாதிரி வந்தன: என்ன பழக்கம், ஏன் அப்படி இளைத்தார்? மதுரை மேடைகளில் சிரிக்க வைத்தவர் மேல் உள்ள பாசமும் அதில் இருக்கிறது. ஆனால் பாசத்தில் கிளம்பும் பேச்சும் கேடு செய்யும்.

யாருக்கு ஆபத்து?

சின்னாளபட்டியில் ஒருவருக்குக் கண் மஞ்சளாகிறது என்று வைத்துக்கொள்வோம். கெட்ட தண்ணீரால் பரவும் கிருமியாக இருக்கலாம், பித்தக்கல்லாக இருக்கலாம். ‘காமாலையா, அப்போ குடிதான்’ என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டால், அவர் நோயை மறைப்பார், வைத்தியம் தள்ளிப்போகும்.

அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர், ‘பீடி, சிகரெட் உண்டா? குடிப்பீங்களா?’ என்று கேட்பார். தினமும் குடிப்பவர் இல்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தால், குடி நின்ற இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், பிதற்றல், வலிப்புகூட வரலாம். முன்பே தெரிந்தால் மருத்துவர் தயாராக இருப்பார். வார்டில் சொன்னது டீக்கடைக்கு வந்துவிடும் என்று பயப்படுபவர் உண்மையைச் சொல்வாரா? காந்திகிராமம் கஸ்தூரிபா மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் பிள்ளைப்பேறு, கருத்தடை என்று வரும் பெண்களுக்கு ரகசியம் இன்னும் பெரிய விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோயாளி சொன்னதை மருத்துவர் வெளியிடக் கூடாது என்கின்றன 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள். நீதிமன்ற உத்தரவு, தொற்றுநோய் அறிவிப்பு போன்றவை விதிவிலக்கு.

இறந்தவர் நிலை வேறு. அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்கு வராது என்று ஜெயலலிதா வாழ்க்கைப் படம் தொடர்பான வழக்கில் 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் குடும்பத்தார் மனம் புண்படும் நோக்கில் இறந்தவர் மேல் அவதூறு சொன்னால், பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

என்ன செய்யலாம்?

• நோயாளியைச் சேர்க்கும்போதே, நோய் விவரத்தை யாரிடம் சொல்லலாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிடுங்கள்.

• மருத்துவ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

• டிஸ்சார்ஜ் சம்மரியை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பெயர், முகவரி, ரத்தப் பரிசோதனை முடிவு, பழக்க வழக்கம் எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கும்.

• மருத்துவர் ரகசியத்தை வெளியிட்டால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம்.

• நோய் விவரமோ அவதூறோ இணையத்தில் வந்தால் ஸ்கிரீன்ஷாட், இணைப்பு, தேதி மூன்றையும் சேமித்துவிட்டு, அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் எழுதுங்கள். 1930 என்ற சைபர் உதவி எண் முக்கியமாகப் பண மோசடிக்கானது.

• அவதூறு வழக்கைப் பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தொடுக்க வேண்டும், மூன்று ஆண்டுக்குள்.

• நோய், மருந்து பற்றிச் சந்தேகமா? 104க்குப் போன் செய்யுங்கள்.

அடுத்து ஒரு கலைஞர் இறந்த செய்தி வரும்போது ‘அவருக்கு என்ன?’ என்று கேட்பதைவிட, ‘நான் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து எத்தனை மாசம் ஆச்சு?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு வாங்காமலே பார்ப்பார்கள்.