மலையேற ஆசையா?

விடுமுறை வந்தால் போதும், "ஒரு நாள் மலைப்பக்கம் நடந்துவிட்டு வரலாமே!" என்று வீட்டில் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். எந்த மலைக்கு என்று எப்படித் தீர்மானிக்கிறீர்கள்? கைபேசியில் வந்த படத்தைப் பார்த்துத்தானே? பச்சைப் பசேலென்ற சரிவு, கீழே மேகக் கூட்டம். படம் பொய்யல்ல, ஆனால் எந்த மாதம் எடுத்தது என்று அது சொல்வதில்லையே!

அதே சரிவு மாசி, பங்குனியில் வெறும் சருகுப் புல். தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மலையேறப் போன கோஷ்டியினர் இறங்கும் வழியில் காட்டுத் தீயில் சிக்கினார்கள். மாண்டவர் 23 பேர். அவர்களில் பலர் பெண்கள். காய்ந்த புல்லில் பற்றிய நெருப்பு, காற்றும் சேர்ந்தால், சரிவில் மனிதர் ஓடுவதைவிட வேகமாக மேலே ஏறும். ஆகவே முதல் கேள்வி 'எவ்வளவு அழகு?' அல்ல, 'எந்த மாதம்?' என்பதுதான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் மலைகளை விட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் வேண்டாம். தை மாதக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் இருந்தால் போதும்!

அடுத்தது, திரும்பும் வழி. கொடைக்கானலில் வட்டக்கானலிலிருந்து 'டால்பின் மூக்கு'ப் பாறைக்குப் போகும்போது ஒரே இறக்கம். குழந்தைகள் குதித்துக்கொண்டு ஓடும். களைத்துப் பசித்த பிறகல்லவா அத்தனையையும் ஏற வேண்டும்! நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னும் ஒரு மணி. அது உரமேறிய கால்களுக்கான கணக்கு. அவர் புளியோதரைப் பொட்டலம் பிரிக்க உட்காரவில்லை, 'கால் வலிக்கிறது' என்று அழும் பிள்ளையையும் தூக்கிக்கொள்ளவில்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் அதை இரண்டால் பெருக்கி, மாலை நான்கு மணிக்குள் அடிவாரம் வந்து சேரும்படி புறப்படுவதே நல்லது.

காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். 2024-ல் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தில் 40 பாதைகளை, சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்துத் திறந்துவிட்டது. இணையத்தில் பதிவு செய்துகொண்டால் வழிகாட்டியும் உடன் வருவார். தீ அபாயமுள்ள மாதங்களில் பாதைகளை மூடுவதும் உண்டு. அப்போது, "தெரிந்த ஆள் இருக்கிறார், வேறு வழியாக ஏற்றிவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால், அந்த ஆளைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்!

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குக் கோத்தகிரி லாங்வுட் சோலையைத்தான் சொல்லுவேன். அங்கே மேகக் கூட்டமும் இல்லை, பாதாளமும் இல்லை. படம் எடுத்தால் இருட்டாகத்தான் விழும். பாசி படிந்த மரங்களுக்கு நடுவே மெல்ல நடந்து போகலாம். காட்டெருமை நடமாட்டம் உண்டு. ஆகையால் பேச்சைக் குறைத்துக்கொண்டு, வழிகாட்டி நிற்கும் இடத்தில் நீங்களும் நின்றுவிடுங்கள்.