எலும்புத் தசைகளும் படுக்கை ஓய்வும்

நீண்ட நாள் படுக்கையில் இருந்து எழுபவர்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "காய்ச்சல் விட்டுவிட்டதே, கால்கள் ஏன் இன்னும் நிற்க மறுக்கின்றன?" இதற்கான விடை நம் எலும்புத் தசைகளில் இருக்கிறது.

அமைப்பு

மனித உடலில் 600-க்கும் மேற்பட்ட எலும்புத் தசைகள் உள்ளன. வளர்ந்தவரின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு இவையே. இதயமும் குடலும் நம்மைக் கேளாமல் இயங்குபவை; எலும்புத் தசைகளோ நம் விருப்பத்திற்குக் கட்டுப்பட்டவை.

புரிகள் சேர்ந்து கயிறாவது போல, நுண்ணிய தசை இழைகள் கற்றைகளாகி, கற்றைகள் சேர்ந்து தசையாகின்றன. தசையின் முனை வெண்ணிறத் தசைநாணாகி எலும்பைப் பற்றுகிறது. தசைநாணின் முதன்மைப் புரதம் கொலாஜன். மூன்று இழைகள் முறுக்கிய அதன் வடிவத்தை 1954-இல் உலகிற்கு முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர்.

செயல்

நரம்பின் வழியே ஆணை வந்ததும் தசை இழைக்குள் கால்சியம் வெளிப்படுகிறது. மயோசின் என்னும் புரதம் ஆக்டின் என்னும் புரதத்தைப் பற்றி இழுக்க, தசை சுருங்குகிறது. தசையால் இழுக்க மட்டுமே இயலும், தள்ள இயலாது. ஆகவே முழங்கையை மடக்க ஒரு தசையும் நீட்ட மற்றொரு தசையும் அமைந்துள்ளன.

நம் அனல்மின் நிலையத்தில் எரியும் பழுப்பு நிலக்கரியின் ஆற்றல் முழுவதும் மின்சாரமாவதில்லை, பெரும்பகுதி வெப்பமாகிறது. தசையும் அவ்வாறே. எனவே கோடை வெயிலில் உழைப்பவர்கள் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் நீர் அருந்த வேண்டும். கடும் உழைப்பிற்குப் பின் தசைவலியுடன் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் வெளியேறினால், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். அப்போது தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

படுக்கையில் நேரும் இழப்பு

பயன்படுத்தாத தசை விரைவில் மெலியும். நோயற்ற முதியோர் சிலரை 10 நாள்கள் படுக்கையில் வைத்து ஆராய்ந்தபோது, அவர்கள் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்தது 2007-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. நோயுற்றவருக்கு இழப்பு இதனினும் மிகுதியாகலாம்.

"அப்பா அசையவே கூடாது" என்று அன்பினால் தடுக்கும் குடும்பத்தினர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். மருத்துவர் அனுமதித்த நாள் முதல்:

- படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் செய்யுங்கள்.
- உணவு உண்ணும்போது நிமிர்ந்து உட்கார வையுங்கள்.
- அருகில் ஒருவர் நின்று, எழவும் சில அடிகள் நடக்கவும் துணை செய்யுங்கள். தலைச்சுற்றல் இருந்தால் உடனே உட்கார வையுங்கள்.
- பருப்பு, சுண்டல், முட்டை, மீன், பால் ஆகியவற்றை உணவில் சேருங்கள். சிறுநீரக நோயாளிகள் இவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

இழந்த தசை வலிமையைப் பெருமளவு மீட்க முடியும். அதற்கு நாள்கள் அல்ல, வாரங்கள் ஆகலாம். பொறுமையும் அன்றாடப் பயிற்சியும் தேவை.