பத்து நிமிடம் கழித்துக் கிளம்பும் வண்டி

நம் தோட்டங்களில் பழைய ஹோண்டா சி 70 வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. பிள்ளையைப் பள்ளியில் விடவும், நோயாளியைக் கிளினிக்குக்குக் கொண்டு செல்லவும் அதுவே நமக்குத் துணை. ஐந்தாறு கிலோமீட்டர் ஓடி, செம்பனைகளுக்கு நடுவே அது நின்றுவிட்டால்? உதைத்து உதைத்துக் கால்தான் ஓய்கிறது. பத்து நிமிடம் கழித்துத் தானே கிளம்புகிறது. பட்டறையிலோ ஒரு குறையும் தெரிவதில்லை. புதிய கார்புரேட்டருக்குப் பணம் கொடுத்தும் பழைய கதைதான்.

கெட்டிப்பால் டின்னில் நாம் ஏன் இரண்டு துளை போடுகிறோம்? ஒன்றில் காற்று புகுந்தால்தான் மற்றொன்றில் பால் இறங்கும். பெட்ரோல் டாங்கியும் அப்படியே. அதன் மூடியில் காற்றுக்கென்று சிறு துளை உண்டு. செம்மண் தூசி அதை அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்குவது வரவரக் குறைந்து வண்டி நிற்கும். சற்று நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போக, மறுபடி ஓடும்.

அடுத்த முறை நின்றவுடன் இருக்கையைத் தூக்கி மூடியைத் திறந்து பார்ப்போம். அருகில் சிகரெட் கூடவே கூடாது. 'உஸ்' என்று காற்றை இழுத்து, வண்டியும் உடனே கிளம்பினால் குறை மூடியில்தான். மெல்லிய கம்பியால் துளையைக் குத்திக் கழுவினால் போதும்.

சத்தம் இல்லையா? மூடியை இறுக்கிவிட்டு, பெட்ரோல் வாடை போனபின், பிளக் கம்பியில் வேறொரு பிளக்கை மாட்டி, அதை இயந்திரத்தின் இரும்பில் படும்படி வைத்து உதைக்கவேண்டும். வெறுங்கையால் பிளக்கைத் தொடக்கூடாது. சூட்டில் பொறி வராமல், ஆறியபின் வந்தால், காயிலையோ கண்டென்சரையோ மாற்றும்படி பட்டறையில் சொல்லலாம்.