திருநகர் கம்ப்யூட்டர் மாட்டுத்தாவணிக்கு ஏன் தெரியல?

அன்னிக்கு 20-ஆம் தேதி. ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள். கணக்கு ஃபைல் திருநகர் ஆபீஸ்ல. கணக்குப் பார்க்கிற அக்கா மாட்டுத்தாவணி கிளையில. நடுவுல விபிஎன் ஓடுது, ஆனா நெட்வொர்க் லிஸ்ட்ல நம்ம கம்ப்யூட்டரைக் காணோம்.

விண்டோஸ் பக்கத்து மெஷினைக் கண்டுபிடிக்கிறது, தெருவுல நின்னு "யாருப்பா இருக்கீங்க?"ன்னு சத்தம் போடுற மாதிரி. அந்தச் சத்தத்தை ரவுட்டர் பொதுவா அடுத்த தெருவுக்கு அனுப்பாது. அதனால, பேர் வரலைன்னா லைன் போச்சுன்னு அர்த்தமில்ல.

நான் பார்த்த வரிசை இது:

முதல்ல, ரெண்டு இடத்துலயும் ஒரே 192.168.1 வரிசையா? ஆமான்னா ஒண்ணை மாத்தணும். இல்லைன்னா கம்ப்யூட்டர் எதிர்ப்பக்கத்தைத் தன் வீட்டுக்குள்ளயே தேடும்.

ரெண்டாவது, எதிர்ப்பக்க ரவுட்டருக்கு பிங். பதில் வந்தா விபிஎன் சரி.

மூணாவது, ரெண்டு பின்சாய்வுக் கோடு போட்டு ஐபி முகவரியை நேரா அடிங்க. திறந்தா பிரச்சினை பேர்ல மட்டும்தான். டிஎன்எஸ்ல பேரைச் சேர்த்தா போதும்.

எங்களுக்குத் திறக்கல. காரணம் ஃபயர்வால். விண்டோஸோட ஃபைல் ஷேரிங் விதி, வழக்கமா சொந்த நெட்வொர்க்கை மட்டும்தான் உள்ள விடும். ஃபயர்வாலை மொத்தமா அணைச்சுடாதீங்க. கிளையோட ஐபி வரிசையை மட்டும் அந்த விதியில சேருங்க.

சேர்த்தேன், திறந்துச்சு. ராத்திரி பத்துக்குள்ள அக்கா தாக்கல் பண்ணிட்டாங்க.